யாழ்ப்பாணத்துப் பனையோலைக் கலங்கள்: புழங்குபொருள் அலங்காரப்பொருள் ஆகிய வரலாறு

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை அரச மரபுகளையும் போர்களையும் கோயிற் சாசனங்களையும் ஆதாரமாகக் கொண்டு எழுதும் வழக்கமே நெடுங்காலமாக மேலோங்கி வந்துள்ளது. அடுக்களையிலும் கிணற்றடியிலும் களத்திலும் நாள்தோறும் புழங்கிய பொருள்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. அவை எளியவை; விரைவில் இற்றுப்போபவை; ஒன்று பழுதானால் இன்னொன்றை இழைத்துக்கொள்ளலாம் என்பதனால் எவராலும் பேணப்படாதவை. ஆயினும், மக்கள் எதை உண்டனர், எவ்வாறு உழைத்தனர், யாரோடு சமமாக இருந்தனர், யாரை விலக்கி வைத்தனர் என்பவற்றை அறிவதற்கு இத்தகைய பொருள்களைக் காட்டிலும் நேரிய சான்றுகள் பல இல்லை எனலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அத்தகைய சான்றுகளுள் முதன்மையானவை பனையோலைக் கலங்கள். இன்று வீடுகளின் முன்மண்டபச் சுவரில் வர்ணந் தீட்டிய சுளகொன்று தொங்குவதைக் காணலாம். அதே வீட்டின் அடுக்களையில் அரிசி புடைப்பதற்குச் சுளகு இல்லாதிருப்பதும் உண்டு. களத்திலிருந்து சுவருக்குச் சுளகு சென்ற பாதை எது? அப்பாதையில் அது எதனைப் பெற்றது, எதனை இழந்தது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனையும் கலமும்

தமிழர் வாழ்வில் பனை பெற்ற இடம் பழமையானது. சேரரின் அடையாளப் பூவாகப் போந்தையைத் தொல்காப்பியம் கூறுகின்றது. பனையோலையால் அமைந்த உண்கலமாகிய பனங்குடை புறநானூற்றிலே பேசப்படுகின்றது. உலோகக் கலங்கள் செல்வர் மனைகளில் இருந்த காலத்திலும், ஓலையை மடித்துக் கலமாக்கி உண்ணும் வழக்கம் பொதுமக்களிடையே நிலவியமையை இதனால் உணரலாம். யாழ்ப்பாணத்தில் அண்மைக்காலம் வரை வழங்கிய பிளாவும் தட்டுவமும் அப்பனங்குடையின் வழித்தோன்றல்கள் எனக் கொள்வதில் தவறில்லை.

ஆறுகளற்ற, சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த குடாநாட்டில் பெருமரக் காடுகளுக்கு இடமில்லை. மூங்கிலும் பிரம்பும் இங்கு இயல்பாகப் பெருகுவனவல்ல. எனவே பிற நாடுகளில் மரமும் மூங்கிலும் தோலும் ஆற்றிய பணிகளைப் பெரும்பாலும் பனையே இங்கு ஆற்ற வேண்டியதாயிற்று. ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் பனைமரச் சலாகைகளும் வளைகளும் அவர்களுடைய வாணிகப் பொருள்களுள் ஒன்றாயின. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வில்லியம் பேர்குசன் என்பார் பனையைப் பற்றித் தனி நூலொன்றை எழுதி 1850ஆம் ஆண்டிற் கொழும்பில் வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 எனத் தாலவிலாசம் என்னும் தமிழ்ச் செய்யுள் நூல் கூறுவதை அவர் எடுத்துக்காட்டினார். 1859இல் வெளியான எமேர்சன் ரெனன்ரின் இலங்கை பற்றிய பெருநூலும் இச்செய்தியை உலகறியச் செய்தது. அது முதல் அவ்வெண் பனையைப் பற்றிப் பேசுவோர் அனைவராலும் திரும்பத் திரும்பக் கூறப்பட்டு வருகின்றது. ஆயின் எண் நினைவில் நின்ற அளவுக்கு, எண்ணப்பட்ட பயன்கள் நினைவில் நிற்கவில்லை.

ஓலை வேலையின் முதற்படி ஓலையைத் தெரிதலாகும். விரியாத குருத்தோலை வெண்மையும் மென்மையும் உடையது; நுண்ணிய வேலைக்குரியது. அதற்கடுத்த சார்வோலை பாய்க்கும் பெட்டிக்கும் ஏற்றது. முதிர்ந்து காய்ந்த காவோலை வேலிக்கும் அடுப்புக்கும் செல்வது. உயர்ந்த மரத்தின் ஓலையிலும் வடலியின் ஓலை இழைப்பதற்கு இசைவானது என்பர். குருத்தை அளவுக்கு மீறி வெட்டினால் மரம் நலிவுறும் என்பதும் இவ்வறிவின் ஒரு கூறே. வெட்டிய ஓலையை வெயிலில் உலர்த்திப் பனியிற் பதப்படுத்தி, ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலமாக வார்ந்தெடுப்பர். சத்தகம் ஒரு சிறு கத்தி. அதன் கூரிய முனை இழைகளின் இடையே வழி திறப்பதற்கும் பயன்படும். மட்டையிலிருந்து உரித்த நார் விளிம்பு கட்டுதற்குரியது. ஆகவே ஓலை, ஈர்க்கு, நார் ஆகிய மூன்றும் ஒரே மரத்திலிருந்து பெறப்பட்டன. ஆணியோ பசையோ வேண்டப்படவில்லை.

இவ்வாறு இழைக்கப்பட்ட கலங்கள் ஒவ்வொன்றும் ஒரு தேவையை முன்னிட்டு எழுந்தவை. கடகம் பாரஞ் சுமப்பது. அதனாற் பெட்டியைப்போல ஒற்றையாக அன்றி இரட்டையாக இழைக்கப்பட்டு, விளிம்பு நாராற் பொத்தப்பட்டது. நீத்துப்பெட்டி கூம்பு வடிவினது. பானையின் வாயிற் பொருந்தி, நீராவியை இழைகளின் நுண்ணிடைவெளி வழியே மேலேற்றிப் பிட்டை அவிப்பது. சுளகின் ஒரு பக்கம் அகன்று தாழ்ந்தும் மறுபக்கம் குறுகி உயர்ந்தும் இருத்தல் அழகுக்காக அன்று. புடைக்கும்போது உமி முன்னே பறக்கவும் மணி பின்னே தங்கவும் அவ்வடிவம் வேண்டப்பட்டது. குட்டான் பனங்கட்டியை வார்ப்பதற்கும் காப்பதற்கும் உரியது. கொட்டைப்பெட்டி மடியிற் செருகும் அளவினது. வெற்றிலையும் பாக்கும் சில்லறைக் காசும் அதனுள் அடங்கின. உமல் மீனும் மரக்கறியும் கொண்டு செல்வதற்கானது. பனாட்டுக் காயவிடுவதற்குப் பாயும், திண்ணையில் அமர்வதற்குத் தடுக்கும், பூக்கொய்வதற்குக் குடலையும் இருந்தன.

இவற்றுள் குடாநாட்டின் பொருளாதாரத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையது பட்டை. ஆறில்லா நிலத்திற் பயிர்ச்செய்கை முழுவதும் கிணற்றை நம்பியிருந்தது. துலாவின் மீது ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் நிற்பவர் பட்டையைத் தாழ்த்தி நீரை முகந்து வாய்க்காலிற் கவிழ்ப்பார். அப்பட்டை பனையோலையாற் கோலப்பட்டது. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் இப்பட்டை நீரால் விளைந்தவை. யாழ்ப்பாணத்துக் கல்வி வளர்ச்சிக்கும் கல்வீடுகளுக்கும் புகையிலை வருவாய் துணைநின்றதை வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். அப்புகையிலைக்கு நீரூட்டிய ஓலைக்கலத்தைக் குறிப்பிடுவோர் சிலரே.

கைகளும் சாதியும்

ஓலைக் கலங்களை இழைத்தோர் பெரும்பாலும் பெண்கள். தத்தம் வீட்டுத் தேவைக்கு இழைத்துக்கொண்டோர் எல்லாச் சமூகங்களிலும் இருந்தனர். ஆயின் சந்தைக்காகக் கடகமும் பெட்டியும் பாயும் இழைத்தோரிற் பெரும்பாலார் பனையோடு தொழில் தொடர்புடைய, சாதியமைப்பில் ஒடுக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆண்கள் மரமேறிக் கள்ளிறக்கினர். பெண்கள் ஓலை வார்ந்தனர். மரம் ஒருவருடையதாகவும் அதில் ஏறும் உழைப்பு வேறொருவருடையதாகவும் இருந்த சமுதாயத்தில், ஓலையைப் பெறுவதற்கும் நிலவுடைமையாளரின் இசைவு வேண்டியிருந்தது. வேலையின் நுட்பம் எத்துணைச் சிறந்ததாயினும், இழைத்தவரின் பெயர் எக்கலத்திலும் பொறிக்கப்பட்டதில்லை.

கலத்தின் வரலாறு பெருமைக்குரியதாக மட்டும் இருந்ததில்லை என்பதற்குப் பிளாவே சான்று. பிளா ஓர் ஓலையை மடித்து முடிந்து நொடிப்பொழுதிற் கோலும் கலம். கள்ளும் ஒடியற்கூழும் அருந்துவதற்கு அதனிலும் ஏற்ற கலம் இல்லை என அதன் சுவையறிந்தோர் கூறுவர். கூழ் காய்ச்சிய நாளில் உற்றாரும் அயலாரும் வட்டமாக இருந்து பிளாவில் அருந்தியமை யாழ்ப்பாணத்துக் கிராமிய வாழ்வின் இனிய நினைவாக இன்றும் பேசப்படுகின்றது. ஆயின் அதே பிளாவுக்கு வேறொரு நினைவும் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீடுகளிலும் கடைகளிலும் உலோகக் குவளை மறுக்கப்பட்டது. சிரட்டையிலும் பிளாவிலும் போத்தலிலும் அவர்களுக்கு நீரும் தேநீரும் வழங்கப்பட்டன. விரும்பிக் கையிலேந்தியவனுக்குப் பிளா உறவின் கலம். வேறு கலம் மறுக்கப்பட்டு ஏந்தியவனுக்கு அது இழிவின் அடையாளம்.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இத்தகைய பாகுபாட்டைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டில் இருந்தது. குவளை கடையில் மறுக்கப்பட்டே வந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து நிகழ்ந்த ஆலயப் பிரவேச, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் அந்நிலையை மாற்றுவதற்குப் பெரிதும் உழைத்தன. ஒரு குவளைக்காக மனிதர் அடிபட்டனர் என்பதை மறந்து, ஓலைக்கலம் வழக்கொழிந்ததை இழப்பாக மட்டுமே கருதுதல் வரலாற்று நோக்காகாது. பிளாவைக் கைவிட்டதிற் சிலர் விடுதலையையும் கண்டனர்.

கலம் விலகிய காலம்

ஓலைக்கலங்களின் இடத்தைப் பிற பொருள்கள் ஒரே நாளிற் கவர்ந்துகொள்ளவில்லை. முதலில் வந்தவை தகரமும் அலுமினியமும். தகர வாளி, பட்டையைப்போல அடிக்கடி மாற்றப்பட வேண்டியதில்லை. அலுமினியப் பாத்திரம் அடுக்களையில் ஓலைக்கும் மண்ணுக்கும் போட்டியாயிற்று. 1950களிலிருந்து மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களிற் பரவின. துலாவும் பட்டையும் படிப்படியாக மறைந்தன. அதுவரை மூவரோ நால்வரோ சேர்ந்து செய்த இறைப்பை ஒருவர் தனித்துச் செய்ய முடிந்தது. மிதித்தோரின் உடல் வருத்தம் நீங்கியது என்பதையும் மறுத்தற்கில்லை.

1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர் உற்பத்திக்கு வாய்ப்பளித்தது. வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட குடாநாட்டு விவசாயிகள் அக்காலத்தில் நல்ல விலை பெற்றனர். அந்நிலையில் விளைபொருளைச் சுமக்கக் கடகமும் உமலும் தொடர்ந்து வேண்டப்பட்டன. 1977இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை இந்நிலையை மாற்றியது. பிளாஸ்டிக் வாளிகளும் கூடைகளும் பைகளும் மலிவாகச் சந்தைகளை நிரப்பின. கடகம் பாரத்தைத் தாங்கியது. பிளாஸ்டிக் பாரத்தோடு மழையையும் தாங்கியது. இழைப்பதற்குப் பெண்ணொருத்தி செலவிட்ட பொழுதுக்கு ஈடான விலையைக் கொடுத்து ஓலைப்பெட்டி வாங்குவோர் குறைந்தனர்.

இங்கே ஒரு கால ஒற்றுமை கருதத்தக்கது. பிளாஸ்டிக் பொருள்கள் தங்குதடையின்றி வரத் தொடங்கியதை அடுத்து, 1978ஆம் ஆண்டில், 1971ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கத் தெங்கு அபிவிருத்திச் சட்டத்தின் ஏற்பாடுகளின் கீழ்ப் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. ஓலைக்கலம் வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த வேளையிலேயே, அதைக் கைப்பணிப்பொருளாக வரவேற்கும் வாயில் திறக்கப்பட்டது.

கைப்பணி என்னும் கருத்து

புழங்குபொருளைக் கைப்பணிப் பொருளாகக் காணும் பார்வை 1978இல் திடீரெனப் பிறந்ததன்று. இலங்கையில் அதற்கு வித்திட்டோருள் ஆனந்த குமாரசுவாமி தலையாயவர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி அவர் எழுதி 1908இல் வெளியிட்ட நூல், அரசர்களின் சிற்ப ஓவியங்களோடு பாய் இழைப்போர், மட்பாண்டம் வனைவோர், நெசவு செய்வோர் ஆகியோரின் வேலைகளையும் கலையாகவே மதித்து ஆராய்ந்தது. பயன்பாட்டிலிருந்து கலையைப் பிரித்தல் ஆகாது என்பது அவருடைய வாழ்நாட் கொள்கை. செம்மையாகச் செய்யப்பட்ட எப்பொருளும் கலைப்பொருளே. பார்ப்பதற்கென்று மட்டும் செய்யப்படுவது கலையின் நலிவு. ஓலைக்கலங்களின் பிற்கால வரலாற்றை மதிப்பிடுவதற்கு இக்கொள்கை நல்லதோர் அளவுகோலாகும்.

1927ஆம் ஆண்டு நவம்பரிற் காந்தியடிகள் கதர் நிதிக்காக இலங்கை வந்து யாழ்ப்பாணத்துக்கும் வருகை தந்தார். வாலிபர் காங்கிரஸ் பரப்பிய தேசிய உணர்வோடு சேர்ந்து, உள்ளூர்க் கைத்தொழிலைப் போற்றும் மனப்பான்மை கற்றோரிடையே வேரூன்றியது. சுதந்திரத்துக்குப் பின்னர் கிராம அபிவிருத்தி நிலையங்களும் மாதர் சங்கங்களும் பெண்களுக்கு ஓலை வேலையைப் பயிற்றின. வீட்டில் தாயிடமிருந்து மகள் கற்ற வேலை பயிற்சி நிலையத்தில் ஆசிரியையிடமிருந்து கற்கும் பாடமாக மாறியது. வேலையைப் பிறப்போடு பிணைத்திருந்த சாதிக்கட்டு இதனால் ஓரளவு தளர்ந்தது; ஓலை வார்தல் எவரும் கற்கத்தக்க தொழிலாயிற்று. 1970களில் உருவாகிய பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் பனைத் தொழிலாளர் தம் உழைப்பின் பயனைத் தாமே பெறுதற்கு வழிசெய்தன.

பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்கள் கற்பகம் என்னும் பெயரைத் தாங்கின. அவற்றின் தட்டுகளில் கைப்பைகள், தொப்பிகள், கோப்பு உறைகள், பரிசுப் பெட்டிகள், சுவரில் தொங்கவிடும் அலங்காரங்கள் ஆகியன இடம்பெற்றன. இவற்றுட் சில புதிய வடிவங்கள். சில பழைய கலங்களின் சிறிய உருவங்கள். உள்ளங்கையில் அடங்கும் சுளகும் விரலளவான கடகமும் நினைவுப்பொருள்களாயின. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவையை அமைத்தது. அதன்மேற் கைப்பணி என்பது நாடளாவிய நிருவாகத்துக்குரிய ஒரு துறையாயிற்று.

சாயமும் வர்ணமும்

பனையோலை வேலையில் நிறம் புதியதன்று. பாயிலும் மூடற்பெட்டியிலும் கொட்டைப்பெட்டியிலும் சிவப்பு, பச்சை, ஊதா நிறங் கொண்ட கோலங்கள் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளன. ஆனால் அந்நிறம் இட்ட முறை வேறு. வார்ந்த ஓலையைச் சாயநீரிற் காய்ச்சி உலர்த்திய பின்னரே இழைத்தனர். நிறமூட்டிய இழையும் நிறமூட்டாத இழையும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் கீழாகவும் செல்லும் ஒழுங்கிலிருந்து கோலம் பிறந்தது. கோலத்தை மாற்ற வேண்டுமாயின் இழைக்கும் கணக்கை மாற்ற வேண்டும். எத்தனை இழை தாண்ட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பது இழைப்பவளின் மனத்திலும் விரலிலும் இருந்தது. அப்பெட்டி அழகாயிருந்தது; அதேவேளை பெட்டியாகவும் இருந்தது. கலியாண வீட்டுக்குப் பலகாரம் கொண்டுசென்ற பெட்டி திரும்பி வந்து அரிசி வைக்கும் பெட்டியாயிற்று.

பிற்காலத்திற் பரவிய முறை, இழைத்து முடிந்த கலத்தின் மேல் வர்ணத்தைப் பூசுவதாகும். சுளகின் பரப்பு ஓவியத்துக்குரிய துணிபோலக் கொள்ளப்பட்டது. பனைமரமும் மாட்டுவண்டியும் பொங்கற்பானையும் கோபுரமும் அதில் தீட்டப்பட்டன. மேலே மினுக்கெண்ணெய் பூசப்பட்டது. இவ்வாறு செய்யப்பட்ட சுளகினால் அரிசி புடைத்தல் இயலாது. நீத்துப்பெட்டியின் இழைகளுக்கிடையே நீராவி செல்வதற்கு இருந்த வழி வர்ணத்தால் அடைபட்டது. சாயம் இழையோடு சேர்ந்து பயன்பாட்டுக்கு இடமளித்தது; வர்ணம் இழையை மூடிப் பயன்பாட்டை முடித்துவைத்தது. அழகு சேர்ந்தமையால் அன்று, பயன் அடைபட்டமையாலேயே கலம் படமாக மாறியது.

இம்மாற்றத்தை முற்றாகக் கண்டித்தலும் பொருந்தாது. பயன்பாட்டுக்கெனக் கடகம் வாங்குவோர் அற்ற நிலையில், சுவரில் தொங்கவிடுவதற்குச் சுளகு வாங்குவோராலேயே சுளகு இழைக்கும் கை தொழிலை விடாதிருந்தது. கணவனை இழந்த பெண்களுக்கும், நிலமற்ற குடும்பங்களுக்கும் வீட்டிலிருந்தவாறே செய்யக்கூடிய தொழில் அதுவாயிற்று. ஆயின் வர்ணந் தீட்டியவருக்கும் விற்றவருக்கும் கிடைத்த மதிப்பு இழைத்தவருக்குக் கிடைத்ததா என்பது கேட்கப்பட வேண்டிய வினா. சுவரிலுள்ள சுளகைக் காண்போர் ஓவியத்தைப் பார்க்கின்றனர். இழையைப் பார்ப்போர் அரியர்.

பிற நாட்டு ஒப்புமைகள்

இவ்வனுபவம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. மெக்சிக்கோவின் சிகுவாகுவா மாநிலத்து மலைப்பள்ளத்தாக்குகளில் வாழும் தாராகுமாரா மக்கள், தம்மை ராராமுரி என அழைத்துக்கொள்பவர்கள், மரத்தைக் குடைந்த கிண்ணங்களையும் சுரைக்குடுவைகளையும் உணவுக்கும் சோளக் கள்ளுக்கும் பயன்படுத்தி வந்தனர். நார்த்தாவரங்களின் இலைகளால் அவர்கள் இழைக்கும் கூடைகளுள் இரட்டையாக இழைக்கப்படுபவையும் உள்ளன. யாழ்ப்பாணத்துக் கடகத்தை அறிந்தோருக்கு அம்முறை அந்நியமாகத் தோன்றாது. சிகுவாகுவாவைப் பசிபிக் கரையோடு இணைத்த இருப்புப்பாதை 1961இல் நிறைவுற்றதும் அம்மலைகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் பெருகினர். அதன்பின் கூடை வயலை விட்டு இருப்புப்பாதை நிலையத்தை நோக்கி நடந்தது. பழைய மரக் கிண்ணங்களும் வர்ணந் தீட்டப்பட்டு நாட்டார் கலைப்பொருள்களாக விற்பனைக்கு வந்தன. தன் கையால் உண்ட கலத்தைப் பிறர் சுவருக்கு விற்றுப் பிழைக்கும் நிலை அங்கும் தோன்றியது.

தமிழகத்துச் செட்டிநாட்டின் அனுபவம் வேறொரு வழியைக் காட்டுகின்றது. அங்கே கொட்டான் என்னும் பனையோலைப் பெட்டி சடங்குகளிலும் விருந்துகளிலும் இடம்பெற்றது. நகரத்தார் வீட்டுப் பெண்கள் அதனை நுணுக்கமாக முடைந்தனர். வழக்கொழியும் நிலையிலிருந்த அவ்வேலையை 2000ஆம் ஆண்டு முதற்கொண்டு ஒரு பண்பாட்டு அறநிறுவனம் சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் பயிற்றி மீட்டெடுத்தது. அங்கு பழைய கொட்டான்களின் கோலங்கள் முன்மாதிரிகளாகக் கொள்ளப்பட்டன. சாயமிட்டு முடையும் முறை பேணப்பட்டது. விருந்தினருக்கு வெற்றிலை பாக்கும் பரிசும் இட்டுக் கொடுக்கும் பெட்டியாகவே அது இன்றும் வாங்கப்படுகின்றது. பயன் சிறிதாயினும் எஞ்சியிருந்தமையால், வடிவமும் அறிவும் அதனோடு எஞ்சின.

போரும் புலப்பெயர்வும்

யாழ்ப்பாணத்திலே இவ்வரலாறு போரால் இடைமுறிந்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. எறிகணையால் தலையிழந்து நின்ற பனைகள் அக்காலத்தின் காட்சியாயின. 1990இல் மீண்டும் மூண்ட போரை அடுத்து நிலவிய பொருளாதாரத் தடையின்போது மக்கள் மறந்திருந்த பனைப் பயன்கள் சில திரும்பி வந்தன. சவர்க்காரம் கிடையாத நாள்களிற் பனம்பழக் களியைக் கொண்டு உடை தோய்த்தனர். முன்னோரின் அறிவு முதியோரின் நினைவில் எஞ்சியிருந்தமையாலேயே அது கைகொடுத்தது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். கையில் எடுத்துச் செல்லத்தக்கன மிகச் சிலவே. நகையும் உறுதிப் பத்திரங்களும் எடுக்கப்பட்டன. பரணிலிருந்த கடகங்களையும் பாட்டியின் மூடற்பெட்டியையும் எடுத்துச் செல்லும் நிலை இருக்கவில்லை. ஆண்டுகள் கழித்துத் திரும்பியோர் பலர் கூரையற்ற வீடுகளையே கண்டனர். ஓலைக்கலம் கூரையின் நிழலில் மட்டுமே நீடிப்பது. எனவே இன்று ஒரு தலைமுறைக்கு முந்திய கலங்களைக் காண்டல் அரிதாயிற்று.

புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் யாழ்ப்பாணத்தவரின் வீடுகளில் வர்ணச் சுளகு பெறும் பொருள் வேறு. அங்கே அது அரிசி புடைக்கும் கருவியும் அன்று, வெறும் அலங்காரமும் அன்று. விட்டுவந்த ஊரின் அடையாளம். நினைவைத் தாங்குதலும் ஒரு பயனே. ஆயின் அந்நினைவு சுளகின் தோற்றத்தை மட்டும் கொண்டிருக்குமாயின், அடுத்த தலைமுறைக்கு அது பொருள் விளங்காத படமாகவே எஞ்சும்.

ஏடும் பெட்டியும்

பனையோலையின் மற்றொரு பிள்ளையாகிய ஏட்டின் வரலாற்றோடு இதனை ஒப்பிடுதல் தமிழ் பயில்வோர்க்குத் தெளிவு தரும். அச்சு வந்தபோது ஏடும் பயன்பாட்டை இழந்தது. செல்லரித்தும் அடுப்பிலும் ஆற்றிலும் இடப்பட்டும் ஏடுகள் அழிந்துகொண்டிருந்த வேளையில், சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) அவற்றைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கி வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். ஓலை அழிந்தாலும் ஓலையில் இருந்தது அழியாதிருக்க வழி பிறந்தது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. முன்னரே பதிப்பிக்கப்பட்டவை உலகில் எஞ்சின. படியெடுக்கப்படாதவை ஒரே இரவில் இல்லாதொழிந்தன.

ஏட்டுக்கு ஒரு தாமோதரம்பிள்ளை வாய்த்ததுபோலப் பெட்டிக்கு ஒருவர் வாய்க்கவில்லை. கடகத்தின் இழைக்கணக்கும், நீத்துப்பெட்டியின் கூம்பளவும், பட்டை கோலும் முறையும் எழுத்தில் முழுமையாகப் பதியப்படவில்லை. அவை கற்றோரின் கைகளில் இல்லை. கற்பிக்கப்படாதோர் எனக் கருதப்பட்டோரின் கைகளில் இருந்தன. அதனாலேயே அவை அறிவு எனக் கொள்ளப்படவில்லை. வர்ணம் தீட்டிய சுளகு பழைய சுளகின் வடிவத்தை ஓரளவு காக்கின்றது. அவ்வடிவம் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதைக் காக்கவில்லை.

இன்று நிலைமை மீண்டும் சிறிது திரும்பியுள்ளது. 2017ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதல் இலங்கையில் உணவு பொதியும் பொலித்தீன் தாள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. பிளாஸ்டிக்கின் கேடு பரவலாக உணரப்பட்டதும், மக்கிப்போகும் ஓலைக்கலங்களின் மீது புதிய நாட்டம் தோன்றியுள்ளது. விரைவில் இற்றுப்போதல் என்னும் எக்குணத்தால் ஓலைக்கலம் முன்னர் தோற்றதோ, அக்குணமே இன்று அதன் சிறப்பாகக் கருதப்படுகின்றது. ஆயின் வாய்ப்பு வந்துள்ள வேளையில் அறிந்த கைகள் முதுமை எய்தியுள்ளன.

எனவே செய்யத்தக்கது யாது? அரும்பொருட் காட்சிச்சாலைகளிற் கலங்களை வைத்தல் நன்று. ஆயினும் அது போதாது. ஒவ்வொரு கலத்துக்கும் அதன் ஊர்வழக்குப் பெயர், ஓலையின் வகை, இழைக்கும் முறை, அளவு, பயன், இழைத்தவரின் பெயர் ஆகியன பதியப்படுதல் வேண்டும். பிளாவைப் பற்றி எழுதும்போது கூழின் சுவையோடு குவளை மறுக்கப்பட்டோரின் வாக்குமூலமும் எழுதப்படுதல் வேண்டும். இப்பணிக்குப் பெருநிதி தேவையில்லை. பல்கலைக்கழக மாணவர் பலரின் ஊர்களிற் சத்தகம் பிடித்த கைகள் இன்னும் உள்ளன. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி ஊரூராக அலைந்தார். இன்றைய மாணவர் விடுமுறையில் தம் ஊருக்குச் சென்று ஒரு முதியவளின் அருகே அமர்ந்து, அவள் இழைப்பதைப் பார்த்து, அவள் சொல்வதைக் குறித்துக்கொண்டாற் போதும். சுவரிலுள்ள சுளகு அங்கேயே இருக்கலாம். அதனால் எவ்வாறு புடைப்பது என்பதை அறிந்தோர் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும்.